கடைசி போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்

போன மாதம் கடலூரில், மின்சாரத் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்ற ஆள் ஒருவன் வந்து நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முந்திய வகுப்பு. உங்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்தீர்கள், பாதிப் பேர் வாசலில் இறங்கிக்கொண்டிருந்த பிரியாணி டப்பாவைப் பார்த்தீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் உங்கள் வயதில் டப்பாவைப் பார்த்தவன்தான்.

புயலுக்குப் பிறகு எந்தத் தெருவுக்கு முதலில் மின்சாரம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, சமூகத்தில் நமக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிட்ட வசதி நம் கண்ணுக்குத் தெரியாது, அதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு இளைஞர் எழுந்தார். நெல்லிக்குப்பத்துக்காரர்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுனவரு. நான் டியூஷன் இல்லாம படிச்சு, பரீட்ச எழுதி, வேலைக்கு வந்தேன். எனக்கு என்னா சார் பிரிவிலேஜ் இருக்குது? சலுகையெல்லாம் வேற ஆளுங்களுக்குத்தான இருக்குது?"

நல்ல கேள்வி, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று மழுப்பினேன். சாப்பிட்ட பிறகு யாரும் பேசவில்லை. கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அதனால் பஸ்ஸில் சிதம்பரம் திரும்பும் வழியெல்லாம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அவருக்குக் கிடைத்திருக்கும் பணியிடம், நான் கடைசியாக வேலை பார்த்த கீரப்பாளையம் பக்கத்துப் பிரிவு அலுவலகம்தான் என்று பிறகு தெரிந்தது. வகுப்பில் சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். அவருக்காகத்தான் எழுதுகிறேன் என்று மற்றவர்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம், எல்லாருக்கும்தான்.

நம் தொழிலில் இருந்தே தொடங்குகிறேன். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் பேன் ஜோராகச் சுற்றும். அதே லைனில் கடைசி போஸ்ட்டில் இருக்கும் வீட்டில் அதே பேன் நொண்டும். பக்கத்து வீட்டுக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை, யாருடைய மின்சாரத்தையும் திருடவில்லை. ஆனால் லோ வோல்டேஜ் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நல்ல கம்பெனி பேனாகப் பார்த்து வாங்கினேன், அதனால் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

நான் அந்த வீட்டுப் பிள்ளை. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்து மூலையில்தான் ஊர் டிரான்ஸ்பார்மர் நின்றது. லைன்மேன் சைக்கிளை எங்கள் வாசலில் சாத்திவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து மோர் குடிப்பார். எங்கள் அப்பாவை மாமா என்று கூப்பிடுவார். அவரும் எங்கள் சாதிதான், அதனால்தான் மாமா. கரண்ட் போனால் அப்பா வாசலுக்கு வந்து ஒரு குரல் கொடுப்பார், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அந்த டியூப் லைட்டின் கீழே உட்கார்ந்து நான் படித்தேன், மார்க் வாங்கினேன், வேலைக்கு வந்தேன். படித்தது நான்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் டியூப் லைட் ஒழுங்காக எரிந்ததற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

உங்கள் அப்பா டிராக்டர் ஓட்டிய கஷ்டத்தை நான் இல்லை என்று சொல்லவில்லை, தம்பி. வசதி என்றால் கஷ்டமே இல்லை என்று பொருள் இல்லை. சில கஷ்டங்கள் நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடுகின்றன. எட்டிப் பார்க்காததால் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாமல் போகிறது. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இதை எனக்கு விளங்கவைக்க நாற்பத்தாறு வயதும், ஒரு புயலும், ஒரு போர்மேனும் தேவைப்பட்டார்கள்.

போர்மேன் என்னைவிட நாலு வயது இளையவர். சிதம்பரத்தை ஒட்டிய ஒரு காலனியில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி போட்டால் சர்ச்சுக்குப் போய்விட்டுத்தான் வருவார், அதில் மட்டும் என்னோடு பேரம் பேச மாட்டார். பேச்சு குறைவு. வேலையில் அவரைக் குறை சொல்ல எதுவும் கிடைக்காது என்பதே எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும்.

புயல் அடித்து எட்டாவது நாள். என் பிரிவில் பாதி ஊர்களுக்கு மின்சாரம் கொடுத்தாகிவிட்டது. புயல் வேலை எப்படி நடக்கும் என்று நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். எந்த ஊர் ஆள் தந்து, குழி வெட்டி, நம் ஆட்களுக்குச் சோறும் போட்டு, படுக்கக் கல்யாண மண்டபத்தையும் திறந்துவிடுகிறதோ, அந்த ஊர் வேலை முதலில் முடியும். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கம் இல்லை. பசித்த ஆள் சோறு இருக்கும் பக்கம்தான் போவான். அதோடு போன். யார் அதிகம் போன் செய்கிறார்களோ அவர்கள் ஊர் பட்டியலில் மேலே ஏறிவிடும். பொறுப்போடு வேலை செய்கிறோம் என்றுதான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று நாங்கள் இருந்தது கீரப்பாளையத்துக்குத் தெற்கே ஒரு ஊர், பெயர் வேண்டாம். ரைஸ் மில் எதிரே டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து ஊர்த் தெருக்களுக்கு லைன் போகிறது, பிறகு ஒரு வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்குப் போகிறது. எல்லா வேலையும் முடிந்ததாக என் பட்டியல் சொன்னது. காலனிக்கு நேராக, 'புகார் இல்லை' என்று என் கையெழுத்திலேயே எழுதி ஒரு டிக்கும் போட்டிருந்தேன். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடியதால் எங்கள் ஆட்கள் கரையிலேயே நின்று பார்த்தார்கள். போஸ்ட்டுகள் நேராக நின்றன. நடுவில் விழுந்து கிடந்த மரங்கள் கம்பியை மறைத்தன. போஸ்ட் நிற்கிறதே, கம்பியும் நிற்கும் என்று முடிவுகட்டிவிட்டோம்.

ஊர்த்தலைவரும் மில்காரரும் எனக்கு நாற்காலி போட்டுப் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு நாளாகச் சாம்பார் சாதம் போட்டவர்கள். செயற்பொறியாளர் அரை மணிக்கு ஒருதரம் போனில், "பன்னெண்டு மணிக்குள்ள அந்த ஊரு சார்ஜ் ஆயிடணும், நான் மேல ரிப்போர்ட் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணி பதினொன்றே முக்கால்.

லைன் கிளியர் என்னும் ஏற்பாடு உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டார் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். லைனில் வேலை பார்க்க யார் அனுமதி வாங்குகிறாரோ, அவரே தம் வாயால் 'எல்லாம் சரி, கொடுக்கலாம்' என்று சொன்னால்தான் சப் ஸ்டேஷனில் சுவிட்சைப் போடுவார்கள். அன்று வாங்கியவர் போர்மேன். வேறொரு ஊரில் வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்.

"சொல்லிடுங்க, குடுத்துடலாம்" என்றேன்.

அவர் வாய்க்கால் பக்கம் பார்த்தார். "காலனியில உள்ள போயி யாரு சார் பாத்தா?"

"கரையிலேருந்து பாத்தாச்சு. அங்கேருந்து ஒரு கம்ப்ளெயிண்ட் கூட வரலியே."

"அதான் சார் பயமா இருக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எல்லார் முன்னாலும் சொல்கிறாரே என்ற கோபம். "இது ஆர்டர். லைன் கிளியர ரிட்டர்ன் பண்ணுங்க" என்றேன்.

"ஆர்டர எழுதிக் குடுங்க சார், வாங்கிக்கிறேன். ஆனா பாக்காத எடத்த பாத்தேன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

ஊர்த்தலைவர் சிரித்தார். "என்னா சார், உங்க ஆளே உங்க பேச்ச கேக்க மாட்றான்."

நான் சார், அவர் அவன். அப்போது அது என் காதில் விழவே இல்லை. பல நாள் கழித்துத்தான் யோசித்தேன். அந்த ஊரில் முதல் நாள் போய் இறங்கியதும் எனக்கு நாற்காலி வந்தது. அவரிடம் ஒருவர், "எந்த ஊருப்பா நீ? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். முப்பது வருட சர்வீஸில் என்னை யாரும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. கேட்காமல் விட்டதும் ஒரு வசதிதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. நான் ஒரு வரி எழுதினால் நின்றுபோகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் தாமே போய்ப் பார்க்கக் கிளம்பி, வாய்க்கால் வரை வண்டியில் போய்விட்டு அதற்கு மேல் நடந்தார். அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே நானும் போட்ட பேன்ட்டோடு தண்ணீரில் பின்னால் இறங்கினேன். 'தாமதத்துக்குப் போர்மேனே காரணம்' என்ற வாக்கியத்தைத் தண்ணீரில் நடந்தபடியே மனதுக்குள் எழுதி முடித்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

சந்தேகம் இருந்தால் காலனிக்குப் பிரியும் இடத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஊருக்கு மட்டும் கொடுத்திருக்கலாமே என்று உங்களில் கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். பிரியும் போஸ்ட்டே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அதைவிட, துண்டிப்பதற்கு முதலில் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை.

கரையேறி, விழுந்து கிடந்த தென்னையைத் தாண்டினோம். போஸ்ட்டுகள் நேராகத்தான் நின்றன. கம்பிகள் ஒரு முனை மட்டும் போஸ்ட்டில் இருக்க, மூன்று போஸ்ட் தூரத்துக்கு அறுந்து தரையில் இருந்தன. தரையில் என்றால் சும்மா கிடக்கவில்லை. ஏழெட்டு வீடுகளில் கூரை பறந்துபோய்த் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அந்தத் தார்ப்பாய்களை நம் கம்பியால்தான் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் கம்பியைக் கொடியாகக் கட்டி, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா புடவையைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையும் கம்பியில்.

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. போர்மேன் சரி என்று சொல்லியிருந்தால் அந்தக் கம்பியில் கரண்ட் வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பயம் வந்தால் நமக்கெல்லாம் முதலில் வருவது அதட்டல்தானே. "கரண்ட் கம்பின்னு தெரியாதா? அறிவு வேணாம்?" என்று கத்தினேன்.

அந்த அம்மா புடவையைக் கீழே விடாமல் நிதானமாகச் சொன்னார். "தெரியும் சார். ஆனா எங்க தெருவுக்கு எப்பவுமே கடைசியாத்தான வரும்? ஊருல வந்து நாலு நாள் கழிச்சுத்தான் இங்க வந்து மாட்டிவுடுவாங்க. ஊருல லைட்டு எரியறத பாத்ததும் அவுத்துடலாம்னு இருந்தோம்."

இந்தப் பதிலை நான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய கணக்கில் தப்பே இல்லை. எத்தனையோ வருடம் நாங்கள் நடந்துகொண்டதை வைத்துப் போட்ட கணக்கு. ஊருக்கும் காலனிக்கும் ஒரே நேரத்தில் வரும் என்று அவர் நினைப்பதற்கு நாங்கள் ஒரு நாளும் இடம் கொடுத்ததில்லை. அன்றைக்கென்று, 'புகார் இல்லை' என்று எழுதிவிட்டு, ஒரே சுவிட்சில் இரண்டுக்கும் கொடுக்க இருந்தேன்.

"கம்பி அறுந்துருக்குன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டது.

"யாருக்கு சார்?"

ஊரில் என் நம்பர் இல்லாத வீடு கிடையாது. மில்காரரின் மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோதே வாங்கிக்கொண்டான். மில் ஜெனரேட்டரில் ஊரே செல்போனை சார்ஜ் போட்டுக்கொண்டது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் நம்பரும் இல்லை, போனில் உயிரும் இல்லை. எட்டு நாளாக வந்த அழைப்புகளைப் பொதுமக்களின் குரல் என்று நினைத்துப் பட்டியல் போட்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களின் குரலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

போர்மேன் யாரையும் அதட்டவில்லை. "அக்கா, இத நான் அவுத்துக்குறேன், தார்ப்பாய கயிறு போட்டுக் கட்டிடலாம்" என்று வண்டியில் இருந்த கயிற்றையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். ஆட்கள் வந்தார்கள், காலனி ஆண்களும் சேர்ந்து இழுத்தார்கள். மூன்று மணிக்குக் கம்பிகள் மேலே ஏறிவிட்டன. எல்லாவற்றையும் தாமே இரண்டு முறை நடந்து பார்த்த பிறகும் அவர் போனை எடுக்கவில்லை. அந்த அம்மாவிடம் போனார்.

"அக்கா, எந்த வூட்லயாவது இன்னும் கம்பி கெடக்குதா? நீங்க பாத்துட்டுச் சொன்னாதான் நான் சொல்லுவேன்."

அந்த அம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பின்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவசரமே இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊர்த்தலைவரும் மில்காரரும், கடலூரில் செயற்பொறியாளரும் அந்த அம்மா பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

"எல்லாம் அவுத்தாச்சு. குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

கரண்ட் வந்தது. ஊருக்கும் காலனிக்கும் ஒன்றாக வந்தது. பட்டப்பகலில் எரியும் பல்பில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் பிள்ளைகள் கத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வையைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது கரையில் உட்கார்ந்து அவரிடம் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று.

"நானும் கடைசி போஸ்ட்டுக்கு அந்தாண்ட பொறந்தவன்தான் சார். நாங்க கம்ப்ளெயிண்ட் குடுக்க மாட்டோம். குடுத்து என்னா ஆவப்போவுதுன்னு இருந்துருவோம். ஒரு எடத்துலேருந்து சத்தமே வரலன்னா, அங்க ஒண்ணும் இல்லன்னு நீங்க நெனப்பீங்க. அங்க என்னமோ ஆயிப்போச்சுன்னு நான் நெனப்பேன்."

தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தாமதம் என்னுடையது, போர்மேன் எடுத்த முடிவுதான் சரி என்று எழுதினேன். நடந்துகொண்டே எழுதிய பழைய வாக்கியத்தை எங்கே தூக்கிப் போடுவது என்றுதான் தெரியவில்லை, இன்னும் என்னிடம் இருக்கிறது. திட்டு வாங்கினேன், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். ஒரு கொலையும் செய்யாமல் ஓய்வு பெற்றேன் என்று இன்று சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறதென்றால், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார், பேரு போட்டா அந்த ஊருக்காரங்க அப்பறம் எந்தத் தெருன்னு கேப்பாங்க" என்று சிரித்தார். பதவி உயர்வு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரமே காலனியின் முதல் போஸ்ட்டில் ஆபீஸ் நம்பரையும் என் நம்பரையும் பெயிண்ட்டில் எழுதவைத்தோம். ஒரு மாதம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கூப்பிட்டார். "என்னா சார், ஊருல எரியுது, எங்களுக்கு எரியல. என்னான்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்க?" எனக்குச் சுள்ளென்று ஏறியது. போர்மேனிடம் சொன்னேன். "திட்டுறாங்களா சார்? அப்படின்னா நம்புறாங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு அந்த அம்மா என்னைப் பல தடவை திட்டியிருக்கிறார். சர்வீஸில் வாங்கிய பாராட்டுக் கடிதங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று எனக்கு நினைவில்லை, இந்தத் திட்டுகள் எல்லாம் நினைவிருக்கின்றன.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். காலனியில் இரண்டு நாளாக ஒரு பக்கம் லைன் இல்லையாம்.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன்மா."

"தெரியும் சார். ஆபீஸ் நம்பருக்குப் போட்டா பாட்டுப் பாடிட்டு கட் ஆவுது. போஸ்ட்டுல இன்னும் உங்க நம்பருதான் இருக்குது. புது சாரு நம்பரு எங்க யாருகிட்டயும் இல்ல."

மில்காரரிடம் இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறது. நீங்கள் சேர்ந்த முதல் நாளே சால்வையோடு வந்து வாங்கிக்கொண்டு போனாராம்.

நெல்லிக்குப்பத்துத் தம்பி, அந்தப் பிரிவில் இப்போது புது சார் நீங்கள்தான். உங்கள் நம்பரை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கூப்பிடுவார். கொஞ்சம் திட்டுவார். எடுங்கள்.